ஆலாப் பாறையில் நான் தட்டிய கை

1955, மே முதல் வாரம். இரணியலில் வாத்தியாராக இருந்தேன். கோடை விடுமுறை, மைத்துனரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கேமரா கையில். முட்டத்துக்கு அப்பால், கடலுக்குள் ஒரு பாறையில் ஆலா என்ற கடற்பறவைகள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதாகக் கேள்விப்பட்டேன். அவ்வளவு போதாதா, கிளம்பிவிட்டேன்.

காலை ஐந்து மணிக்கு சைக்கிள். ஏழு மைல் மிதித்து ஆறேகாலுக்கு முட்டம். மீனவர் சூசை கட்டுமரத்தில் கூட்டிப்போக இரண்டு ரூபாய் கேட்டார். ஏழுக்குக் கிளம்பினோம். (வேட்டி நனையாமல் போய்ச்சேரலாம் என்ற ஆசையை நீங்களும் கரையிலேயே விட்டுவிடுங்கள்.) செம்பருந்துகள் சில எங்கள் தலைக்கு மேலேயே வட்டமிட்டு வந்தன.

ஒன்பதரைக்குப் பாறை. கூடு கிடையாது. வெறும் கல்லில் முட்டை, அதன்மேல் ஆலா, பக்கத்தில் இன்னொன்று. ஓரமாகச் சில குஞ்சுகள். இறங்கியதும் சூசை குந்தியபடியே நகர்ந்தார், என்னையும் அப்படியே வரச் சொன்னார். அவர்கள் ஊரில் எல்லோரும் இங்கே அப்படித்தானாம். ஏதோ நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் புனிதருக்கு இந்த மரியாதை என்று கிண்டலும் செய்தேன்.

உட்கார்ந்திருக்கும் பறவை படத்தில் கல் மாதிரி இருக்கும். பறந்தால்தானே அழகு? எழுந்து நின்று ஓங்கிக் கை தட்டினேன்.

பாறையே கிளம்பியது போல அத்தனையும் மேலே எழும்பின. நான் படம் எடுத்தேன். அதற்குள் பருந்துகள் இறங்கிவிட்டன. ஒன்று குஞ்சைத் தூக்கியது, இன்னொன்று முட்டையைக் கொத்தியது. மிரண்டு ஓடிய குஞ்சுகள் விளிம்பிலிருந்து கடலில் விழுந்தன. துண்டை வீசித் துரத்தப் பார்த்தேன். சூசை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நாம நிக்குற வரைக்கும் அதுவ எறங்காது சாரே. வெயில்ல முட்ட வெந்து போவும். வாங்க."

திரும்பும் வழியெல்லாம் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். கரை தெரிந்தபோது சொன்னார்.

"தப்பு எனக்கதான். கூட்டிட்டு வந்தது நானில்லியா."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஆலா முட்டையிடும் பாறைகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு: மே பிறந்தால் போகாதீர்கள். போயே தீரவேண்டுமென்றால் கட்டுமரத்தை விட்டு இறங்காதீர்கள், தள்ளி நின்று பாருங்கள். உள்ளூர்க்காரர் குனியச் சொன்னால், காரணம் கேட்காமல் குனியுங்கள்.

படம் அருமை என்றார் மைத்துனர். வானம் முழுக்க ஆலா. பாறையில் முட்டைகள் மட்டும் கிடக்கின்றன.