நாலரை மணிக்கு வீடு வரும் மனிதர்

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவர் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

அன்புவழிபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து வளவு அவருடையது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். பிள்ளைகள் இல்லை, அதனால் என்னுடையதை வளர்த்தார். அவர் சைக்கிளை வேலியில் சாத்தும் சத்தம் கேட்டால் போதும், "மாமா வந்திட்டார்" என்று என் மகள் பறப்பாள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது மாமா, பென்சில் சீவிக் கொடுப்பது மாமா. நான் துறைமுகத்தில் விஞ்சுக்காரன். கப்பல் வந்து நின்றால் தேயிலைப் பெட்டி தூக்கும் விஞ்சடியில்தான் என் சீவியம். என் முறை என்றால் விடிய முதல் போய் இருட்டித்தான் திரும்புவேன். அடுத்த நாள் அலுப்பில் படுத்துக் கிடப்பேன். "அந்த மனிசன் இல்லாட்டி உங்கட பிள்ளை பாஸ் பண்ணியிருக்காது" என்பாள் மனைவி. நன்றி சொல்லவேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரியும்.

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது விளையாட்டுப் போட்டி வந்தது. கரண்டியைப் பல்லில் கடித்து, அதில் தேசிக்காயை வைத்துக்கொண்டு ஓடும் ஓட்டத்துக்கு அவளைச் சேர்த்திருந்தார்கள். தேசிக்காய் எங்கள் மரத்தது. ஓடிப் பழகியது அவருடைய முற்றத்தில். இந்த ஒரு நாளாவது அவள் ஓடும்போது நான்தான் நிற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டேன்.

விஞ்சுக்கு நாங்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு நாள். மற்றவர் கிண்ணியாக்காரர், முஸ்லிம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என் முறையில் அவர் நிற்பார். அவருடைய பெருநாட்களில் நான் நிற்பேன். கங்காணியிடம் ஒரு சொல் சொன்னால் சரி. அந்தக் கிழமை வெள்ளி அவருடைய முறை, சனி என்னுடையது. வெள்ளி நோன்புப் பெருநாள், சனி போட்டி. மாற்றிக்கொண்டோம். கேட்கவும் வேண்டுமா, எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளி காலை வேலைக்குப் போனால், அவர் வேலை உடுப்போடு விஞ்சடியில் நிற்கிறார்.

"ராவு பிறை காணல்ல மச்சான். பெருநாள் நாளைக்குத்தான்."

வருடக்கணக்காக முறை மாற்றியவர்கள் நாங்கள். பிறை காணுமுன் நாள் குறிக்கக்கூடாது என்று தெரியாதா? தெரியும். என் அவசரத்தில் அவரையும் மறக்கவைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணுமெண்டா நாளைக்கும் நானே நிக்கிறன்" என்றார். ஓம் என்று வாய்வரை வந்தது. அவருக்கு நாலு பிள்ளைகள், புது உடுப்போடு காத்திருக்கும். "உமக்கென்ன விசரா? போய்ப் பிள்ளையளோட பெருநாளைக் கொண்டாடும்" என்று ஏசிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளை, கிளாக்கர் வருமுன் நானே பழக்கப் பார்த்தேன். "இப்பிடியில்லை அப்பா. தலையை ஆட்டாம, நேர பார்த்து ஓடவேணுமெண்டு மாமா சொன்னவர்" என்றாள். பிறகு, "நாளைக்கு வருவீங்கள்தானே?" என்று கேட்டாள்.

ஏலாது என்றால், "அப்ப மாமா வருவார்" என்பாள். அதை என் காதால் கேட்க நான் தயாராக இல்லை.

"வேலைக்கிடையில ஓடிவந்து பள்ளிக்கூடக் கேற்றடியில நிப்பன்" என்றேன். பச்சைப் பொய். கப்பல் நிற்கும்போது விஞ்சைவிட்டு ஓடிவர யார் விடுவார்கள்?

சனிக்கிழமை பொழுதுபட வீட்டுக்கு வந்தேன். கிளாக்கர் வேலியடியில் எனக்காகக் காத்துநின்றார். அவர்தான் அவளைப் போட்டிக்குக் கூட்டிப்போனவர்.

"முதலாவதா வந்துகொண்டிருந்தவ" என்றார். "பாதியில கேற்றடியைத் திரும்பிப் பார்த்தவ. தேசிக்காய் விழுந்திட்டுது. நான் இஞ்சால நிண்டு கையைத் தட்டிக் கூப்பிட்டனான். என்னைப் பார்க்கவேயில்லை."



"அடடா" என்றேன். முகத்தை வாட்டமாக வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம். அத்தனை நாள் எரிந்த வயிறு அந்த நிமிடமே குளிர்ந்துவிட்டது.

குசினிக்குள் போனேன். மகள் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனப்பா சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.