சித்தி பார்த்த உருண்டை

சித்தி தன் மடிக்கணினியை அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டில்மேல் வைத்துத் திறந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திரையில் நீல நிறத்தில் ஒரு வளையம். அதன் ஓரத்தில் ஒரு குழி, குழிக்குள் பச்சையாக ஒரு உருண்டை. "இதுதான் மருந்து அத்தான். சரியாப் போய் உக்காந்திருக்கு பாருங்க," என்றார். அம்மா வார்டு என்றும் பாராமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்து, கோலாலம்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் புரதங்களின் வடிவத்தைப் படம்பிடிக்கிறவர். பாக்டீரியா பெருக வேண்டுமானால் தன் டிஎன்ஏவை நகல் எடுத்தாக வேண்டும். நகல் எடுக்கும் புரதம் இழையை விட்டு நழுவாமல் பிடித்து வைப்பது அந்த வளையம்தான். அந்தப் புரதம் வந்து மாட்டுகிற இடம் அதன் குழி. அங்கே வேறொரு மூலக்கூறு இடம் பிடித்துவிட்டால் நகல் நின்றுவிடும், கிருமியும் பெருகாது. எத்தனையோ தீபாவளிக்குச் சித்தி இதைச் சொல்லியிருக்கிறார். நாங்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறோம்.

அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. காலில் செம்பனை முள் குத்திய புண் ஆறாமல், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி ஏறியபோதுதான் எல்லாருக்கும் அந்த வளையம் ஞாபகம் வந்தது. முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அப்பா பிடிகொடுக்கவில்லை. "என் கொழுந்தியா மருந்து கண்டுபிடிச்சிட்டா லா. கொஞ்சம் பொறுங்க." படத்தில் தெரிவது ஊசிக்குள் வர வருஷக்கணக்காகும் என்று சித்தி சொல்லத்தான் செய்தார். மெதுவாகச் சொன்னார். யார் காதில் விழுந்தது?

பிறகு ஒரு மத்தியானம் முகம் செத்துப்போய் வந்து நின்றார். அந்த உருண்டை மருந்தே இல்லையாம். புரதப் படிகத்தை உறையவைக்கும்போது பனி பிடிக்காமலிருக்க ஊற்றுகிற கிளிசரின், குழியில் போய்த் தங்கியிருந்ததாம். "புதுசா வர்ற பிள்ளைங்கள முதல்ல இதத்தான் எச்சரிப்போம் அத்தான். மங்கலாத் தெரியிற இடத்துல ஆசைப்பட்டதப் பார்த்துராதேன்னு. நானே பார்த்துட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உறுதியாகத் தெரியாததை ஏன் ஒரு நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுவர வேண்டும்? இன்றும் அது முழுசாக அடங்கவில்லை. ஆனால் சித்தி வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அப்பா காத்திருந்தே போய்ச் சேர்ந்திருப்பார். இதை நினைத்தால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அப்பா போர்வையை விலக்கிக் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு, "சரி லா, டாக்டரக் கூப்பிடு," என்றார். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புண் ஏறிவிட்டது, இனி முட்டிக்கு மேலேதான் என்றார். சித்தி வார்டை விட்டு வெளியே ஓடினார்.

இப்போது அப்பா செயற்கைக் காலோடு நடக்கிறார். சித்தி அதே வேலையில்தான் இருக்கிறார். வீட்டுக்கு வந்தால் அப்பா ஆசையாகக் கேட்பார்: "என்னமா, மருந்து கிடைச்சுதா?"

சித்தியின் கண் நேரே அந்தக் காலுக்குப் போகும்.

"இன்னொரு தடவ பார்த்துட்டுச் சொல்றேன் அத்தான்."