சீனிக்கட்டியும் கருப்பட்டியும்

டொரான்டோவில் எங்கள் வீட்டு மேசைமேல் கருப்பட்டியைப் பார்த்தால், சோப்பு என்று நினைத்துக் கையில் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறவர்கள் உண்டு. நானும் சிரித்தபடி வாங்கி டப்பாவில் போட்டுவிடுவேன். என் கவலை வேறு. நான்கு வயது மகள் மதி, உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் என் அப்பாவோடு ஒரு வார்த்தை பேச மாட்டாள். வீடியோவில் அவர் முகம் தெரிந்ததும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். "புது ஆளுல்லா, வெக்கப்படுதா" என்பார் அப்பா. அவளுக்குக் கடைசிவரை புது ஆளாகவே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

போன சனிக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தார்கள். இத்திஷ் நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து எடுத்த படப்புத்தகம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழியாம் அது. பனியில் யார் வந்து கதவைத் தட்டினாலும் நகர்ந்து இடம் விட்டு, டீ ஊற்றிக் கொடுக்கிறார் ஒரு தாத்தா. அவர்கள் மொழியில் 'ஸைடே'. கதவு தட்டப்படும்போதெல்லாம் பிள்ளைகள் "ஸைடே, ஸைடே" என்று பாட வேண்டும். மதியும் பாடினாள். படத்தில் ஸைடே சீனிக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சினார். அப்பாவும் கடையில் கருப்பட்டித் துண்டைக் கடைவாயில் அதக்கிக்கொண்டுதான் கடுங்காப்பி குடிப்பார். வருகிற அண்ணாச்சிமாருக்கும் அதே உபசாரம். "கலக்கிக் குடிச்சா ஒரு ருசி, கடிச்சுக் குடிச்சா ரெண்டு ருசில்லா" என்பார்.

"என் அப்பாவும் இப்படித்தான்" என்றேன், கதை வாசித்த நூலகரிடம்.

"ஓ, நீங்களும் யூதரா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மாள்.

"இல்லை, உடன்குடி."

அதையும் ஒரு மதம் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாகத் தலையசைத்தார். புத்தகத்தை இரவல் வாங்கி வந்தோம்.

மறுநாள் இங்கே சாயங்காலம், அங்கே விடிகாலை. அப்பா கடையிலிருந்து கூப்பிட்டார். மதி வழக்கம்போல சோபாவுக்கு ஓடினாள், பாதியில் நின்றாள். அப்பாவின் ஒரு கன்னம் கருப்பட்டியால் புடைத்திருந்தது, கையில் காப்பி டம்ளர்.

"ஸைடே!" என்று கத்தினாள். புத்தகத்தைத் தூக்கி வந்து படத்தை அவருக்குக் காட்டினாள்.

"ஏளா, பிள்ள என்ன சொல்லுதா?"

"ஒங்களத்தாம்ப்பா கூப்பிடுதா. தாத்தான்னு சொல்லுதா."

அப்பா தோள் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு படத்தை உற்றுப் பார்த்து, "இவுகளும் கடிச்சுதான் குடிக்காகளாக்கும்" என்றார்.

'தாத்தா' என்று சொல்லிக்கொடுக்க என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் மதி மறுபடி கூப்பிட்டாள், எனக்கும் அப்பாவுக்கும் தெரியாத ஒரு மொழியில். உடன்குடியிலிருந்து அப்பா, வாயில் கருப்பட்டியோடு, "என்ன தாயி?" என்றார்.