மேய மறுத்த லாமா

எங்கள் குடும்பத்தில் கோபம் என்றால் அது சாப்பாட்டில்தான் தெரியும். அம்மாவோடு சண்டை வந்தால் அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார். "எனக்குப் பசிக்கல" என்று யாராவது சொன்னால் வயிற்றைப் பற்றி ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். "யார் மேல கோவம்?" என்றுதான் கேட்பார்கள். இந்தப் பாடத்தைத் திருச்சியிலிருந்து ஆக்லாந்து வரை பத்திரமாகத் தூக்கி வந்தவள் நான். அதனால்தான் என் கணவர் சாப்பிடாமல் இருந்தபோது அது வியாதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனுஷன் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

கோபித்துக்கொள்ளக் காரணமும் இருந்தது. அந்த ஜனவரியில் ஊரே தண்ணீரில் மிதந்தபோது, ஒனிஹங்காவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கராஜுக்குள் முழங்கால் அளவு வெள்ளம் வந்தது. உள்ளே அவருடைய புத்தகங்கள், ஏழு பெட்டி, கப்பலில் வந்தவை. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் அவர் ஆபீஸுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அத்தனையையும் தெருவில் நின்ற குப்பைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டேன். சாயங்காலம் வந்து காலியான கராஜைப் பார்த்தார்.

"ஒண்ணுகூடவா தேறல?"

"எல்லாம் கூழாப் போச்சு" என்றேன்.

பொய். மேலே அடுக்கியிருந்த இரண்டு பெட்டிகளில் தண்ணீர் படவே இல்லை. எனக்கு முதுகுவலி, நாற்றம், எரிச்சல். பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி அன்றைக்கே தீர்த்திருப்பேன்.

அவர் பிழைப்புக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். பைத்தியம் மட்டும் வெள்ளக் கதைகள்மேல். கடல்கோளில் தமிழர் நிலம் போனது பற்றி ஆரம்பித்தால் விருந்தாளிகள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். புத்தகங்கள் போனபிறகு லைப்ரரியிலிருந்து தடியாக ஓர் ஆங்கிலப் புத்தகம் எடுத்து வந்தார். தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலைநாட்டு ஜனங்களின் ஆதிக் கதைகள். அதைச் சாப்பாட்டு மேஜையில் சாம்பார் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பார், எனக்கும் சொல்லுவார்.

கடவுள் முதலில் கல்லில் ராட்சத மனிதர்களைச் செய்தாராம். சொன்ன பேச்சு கேட்காததால் வெள்ளம் விட்டு அழித்தாராம். பிறகு களிமண்ணில் சின்ன அளவில் செய்து, யார் யாருக்கு என்ன உடுப்பு, என்ன பாட்டு, என்ன பாஷை, என்ன விதை என்று கொடுத்து எல்லோரையும் பூமிக்கடியில் அனுப்பினாராம். ஒரு கூட்டம் குகையிலிருந்து வந்தது, ஒரு கூட்டம் சுனையிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தார்களோ அந்த இடத்தை அவர்கள் கும்பிட்டார்கள்.

"நமக்கு எந்தக் குகைங்க?" என்றேன்.

"நமக்குத் திருச்சி ஜங்ஷன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது அவர் தட்டில் இரண்டு தோசைதான் இருந்தது. வழக்கமாக ஐந்து சாப்பிடுகிறவர்.

இன்னொரு கதை. வெள்ளத்தில் உலகம் போய் அண்ணனும் தம்பியும் மட்டும் ஒரு மலையில் மிஞ்சுகிறார்கள். தினமும் கிழங்கு தேடிவிட்டுக் குடிசைக்குத் திரும்பினால் யாரோ சமைத்து வைத்திருக்கிறார்கள். யார் என்று ஒளிந்திருந்து பார்த்தால், பெண் முகம் கொண்ட இரண்டு பெரிய கிளிகள். ஒருவன் கையைப் பிடிக்கப் போக, கிளிகள் கோபித்துக்கொண்டு பறந்துவிடுகின்றன. "அது நீதான். ஆக்கி வச்சுட்டு ஷிப்டுக்குப் பறந்துடுவே. கோவமும் அதே கோவம்" என்றார். அன்றைக்கு நான் ஆக்கி வைத்த சோறு அப்படியே ஃபிரிட்ஜில் இருந்தது.

என் ஷிப்ட் என்ன தெரியுமா? ஹில்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அங்கே ஒருவர் இரண்டு வேளை தட்டைத் தொடவில்லை என்றால் நான் எழுதி வைக்க வேண்டும், நர்ஸிடம் சொல்ல வேண்டும், எடை பார்க்க வேண்டும். பதினோரு வருஷம் அதைச் செய்தவள். அந்தக் கண்ணைக் கழற்றி அங்கேயே லாக்கரில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன் போலிருக்கிறது.

என்னோடு வேலை செய்கிற மன்னார்க்காரப் பெண் ஒருத்திக்குக்கூடத் தெரிந்தது. ஒருநாள் என்னைக் கூட்டிப்போக அவர் காரில் வந்தார். பார்த்துவிட்டு மறுநாள் கேட்டாள்: "அக்கா, அண்ணை நல்லா மெலிஞ்சு போனார். டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?"

"அவருக்கு ஒரு வியாதியும் இல்ல. என் மேல கோவம். ரெண்டு மாசமா வீம்பு பண்றாரு" என்றேன்.

"சாப்பாட்டிலயோ கோவம்?"

"ஆமா, எங்க வீட்ல அப்படித்தான்."

நான் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வார வெள்ளிக்கிழமை ஒடாஹுஹு வரைக்கும் பஸ்ஸில் போய் அவருக்குப் பிடித்த முருங்கைக்காய் வாங்கி வந்து சாம்பார் வைத்தேன். சமாதானக் கொடி அதுதான். உள்ளுக்குள் அந்த இரண்டு பெட்டி உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் புஸ்தகத்துல ஒரு கதை" என்றார். "ஒரு லாமா..."

"எந்த லாமா? சாமியாரா?"

"ஐயோ, அது இல்ல. ஒட்டகத்துக்குத் தம்பி மாதிரி ஒரு மிருகம். அதோட எஜமான் அதை நல்ல புல்லு இருக்கிற இடமாப் பார்த்து மேய விடறான். அது வாயே வைக்கல. முனகிக்கிட்டே நிக்குது. ஏன்னு கேளேன்."

நான் கேட்கவில்லை.

"ஏன்னு கேளேன்" என்றார் மறுபடியும். முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி இருந்தது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வந்ததோ. "எனக்கு ஒரு கதையும் வேணாம்! பஸ் புடிச்சுப் போய் வாங்கிட்டு வந்து ஆக்கி வச்சா, கொழப்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நாய்க்குப் போட்டிருந்தா வாலாவது ஆட்டும். தின்னுங்க!" என்று கத்தி, நான் சப்பிக்கொண்டிருந்த முருங்கைக்காய்ச் சக்கையை அவர்மேல் எறிந்தேன். சட்டையில் பட்டு மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்தேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை, ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்கள் மஞ்சளாக இருந்தன. அப்போதும் நான் சாதாரணக் காமாலை என்று நினைத்து, ஊருக்கு ஃபோன் போட்டுக் கீழாநெல்லிப் பொடி அனுப்பச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. கணையத்தில் புற்று, ஈரல் வரை போய்விட்டது. முன்னாலேயே வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மா எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

அவர் படுக்கையில் இருந்த ஒரு மத்தியானம் கேட்டேவிட்டேன். "இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன்" என்றார். "நீதான் சோளக்கட்டையால அடிச்சுட்டியே."

"சோளமா? அது முருங்கைக்காய்ங்க."

அவர் சிரித்தார். சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தார். மருந்தில் மனுஷன் உளறுகிறார் என்று நினைத்து நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். அந்த இரண்டு பெட்டி விஷயத்தையும் அன்றைக்கே சொன்னேன். "தெரியும்" என்றார். "தொட்டியில எட்டிப் பார்த்தேன். காய்ஞ்சு கிடந்துச்சு."

"கோவம் இல்லையா?"

"ஒருநாள் இருந்துச்சு. மறுநாள் இட்லி சாப்பிட்டேனே, நீ கவனிக்கல?"

ஏழு வாரத்தில் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து அவர் ஃபோனில் லைப்ரரியிலிருந்து தகவல் வந்தது, புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி. அவர் ஆபீஸ் பையில் இருந்தது. நடுவில் ஒரு தாள் செருகியிருந்தார். பிரித்தேன். குடும்ப டாக்டர் கொடுத்த கடிதம். உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதியது. தேதி அந்த முருங்கைக்காய் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள். என்னிடம் சொல்லாமல் தனியாகப் போய் வந்திருக்கிறார். அந்த ஒன்பது நாளும் இதே வீட்டில், இதே கட்டிலில் என் பக்கத்தில் அதை ஒற்றையாக வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

தாள் இருந்த பக்கத்தில் அந்த லாமா கதை இருந்தது. எனக்கு ஆங்கிலப் புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது. கட்டிலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தேன்.

நல்ல புல். லாமா மேயவில்லை, அழுதுகொண்டே நிற்கிறது. எஜமான் பக்கத்தில் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருக்கிறான். அவனுக்குக் கோபம் வருகிறது. தின்ற கட்டையை அதன்மேல் விட்டெறிந்து, "இவ்வளவு நல்ல புல்லில் விட்டிருக்கிறேன், தின்னு நாயே" என்கிறான்.

அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் உளறவில்லை.

மிச்சத்தை மறுநாள்தான் படிக்க முடிந்தது. அடிபட்ட லாமா பேசுகிறது. இன்னும் ஐந்து நாளில் கடல் பொங்கி வரும், எல்லாம் முடிந்துவிடும், அந்தத் துக்கத்தில்தான் மேயாமல் நிற்கிறேன் என்கிறது. எஜமான் பயந்து போய், "அப்படியானால் நாம் என்ன செய்வது, எங்கே போவது?" என்று அதனிடமே கேட்கிறான். ஐந்து நாளைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அந்த உயர்ந்த மலைக்கு வா என்று அது வழி சொல்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து ஏறுகிறார்கள். உச்சியில் நிற்க இடமில்லாமல் மிருகங்கள் நெருக்குகின்றன, நரியின் வால் தண்ணீரில் தோய்ந்து கறுத்துப்போகிறது, ஐந்து நாளில் கடல் வடிகிறது.

அந்த எஜமானும் என்னைப்போல முரடன்தான். சாப்பிடு என்று கத்தினான், கையில் இருந்ததை விட்டெறிந்தான். ஆனால் எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அது என்ன சொல்கிறது என்று கேட்டான். நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.