அத்தையின் புடவை நிறத்தில் இரண்டு கார்க் கதவுகள்

என் தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல், மாப்பிள்ளையை நாலு பேர் சேர்ந்து தூக்கி, கார்க் கதவுக்கு மேலாக உள்ளே இறக்கினோம். கதவில் கோளாறு ஒன்றும் இல்லை. பெயிண்ட் காயவில்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது, வைகாசி மாதம். ஆனி என்று தங்கை இன்றும் சாதிக்கிறாள். கோவிலில் வசந்த உற்சவம் நடக்கும்போது கல்யாணத்தை வைத்துக்கொண்டு, கோவில் கைங்கர்யத்துக்குத் தனக்குப் பதில் யாரை நிறுத்துவது என்று அப்பா தவித்தது எனக்கு நினைவிருக்கிறது. வசந்த உற்சவம் வைகாசியில்தான். இதற்கு மேல் அவளோடு நான் வாதாடுவதில்லை.

சம்பந்தி வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று. ஜானவாசத்துக்குத் திறந்த கார் வேண்டும். மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அதில் ஊர்வலம் வரப்போவதை அவர்கள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்கள். திருவள்ளூரில் அப்படி ஒரு கார் கிடையாது. கும்மிடிப்பூண்டி போகிற வழியில் ஒரு கிராமத்தில் பெரிய நெல் விவசாயி ஒருவரிடம் இருந்தது. யுத்தத்துக்கு முந்தைய சீமைக் கார். இரண்டே கதவு, பின்னால் மடங்கும் கித்தான் கூரை. அவரை நாங்கள் கார்க்காரர் என்றே சொல்லுவோம். பெருமாளுக்குச் செய்வதாக நினைத்துத் தருவதாகச் சொன்னார். கூடவே அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னார்: "சாமி, ஒரு கோடு விழுந்தாலும் சரி, மாப்பிள்ளை இன்னும் ஏறலைன்னா அந்த எடத்துலயே வண்டியை எடுத்துக்கினு வந்துடுவேன். ஏறிக் குந்தினவரை எறங்குன்னு சொல்ற பாவம் எனக்கு வேணாம்."

திங்கட்கிழமை காரும் டிரைவரும் வந்தார்கள். கார்க்காரர் வியாழன் மாலை நேரில் வருவதாக ஏற்பாடு. திங்கள் சாயங்காலமே சமையல்காரர்களின் கைவண்டி, பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு எங்கள் குறுகிய தெருவுக்குள் நுழைந்தது. அண்டாவின் வளையம் காரின் இடது கதவை முழங்கை நீளத்துக்குக் கீறிக்கொண்டே போனது. டிரைவர் அந்தக் கோட்டின் முன் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சாமி, பெரியவரு வந்தா முதல்ல இந்தக் கதவு மேலதான் கைய வைப்பாரு."

பெயிண்ட் பூசிவிடலாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. என்ன நிறம் என்பதில்தான் இல்லை. அப்பா பச்சை என்றார். டிரைவர் நீலம் என்றார். காலையில் பச்சையாக இருந்த கார் மாலையில் நீலமாகிவிடும். டிரைவரின் மச்சான் கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழுந்துகொண்டிருந்த தொழிற்பேட்டையில் இயந்திரங்களுக்குப் பெயிண்ட் கலக்குகிறவர். எந்த நிறத்தைக் காட்டினாலும் கலந்து தருவாராம். ஆனால் காரை அங்கே ஓட்டிப்போக முடியாது. கார்க்காரர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் பஸ் ரோடே போகிறது.

இந்த இடத்தில் அத்தை தலையிட்டாள். அப்பாவின் தங்கை. ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் எடுப்பதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்சியவர் இல்லை. ஒவ்வொரு துணியாகக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்து, கடைக்காரரை அழவிட்ட பிறகே வாங்குவாள். அவள் தன் பெட்டியிலிருந்து பட்டுப் புடவைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கார்க் கதவில் சாத்திப் பார்த்தாள். நாலாவது, மயில் கழுத்து. கதவில் வைத்ததும் புடவை எது கார் எது என்று தெரியவில்லை.

"கார் வர வேண்டாம். புடவை போனாப் போறும். ஆனா என் புடவை தனியாப் போகாது."

செவ்வாய்க்கிழமை நானும் அத்தையும் புடவையும் பஸ் ஏறினோம். மச்சான் பாதி கட்டிய கொட்டகை ஒன்றில் இருந்தார். சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றையும் கலக்க வாய்ப்புக் கிடைக்காத மனிதர். புடவையைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அதை ஒரு மோட்டார் பெட்டியின் மேல் விரித்தோம்.

மயில் கழுத்தில் நெடுக்கே ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு ஒரு நிறம். நான் நின்ற பக்கத்திலிருந்து அது பச்சை. அத்தை நின்ற பக்கத்திலிருந்து நீலம். நான் அத்தை பக்கம் போனேன்; நீலம்தான். அத்தை என் பக்கம் வந்தாள். பச்சையென்று ஒப்புக்கொள்ளாமல் திரும்பிப் போய்விட்டாள்.

"எந்தப் பக்கத்து கலர் ஓணும்?" என்றார் மச்சான்.

"புடவைக்கு ஏது பக்கம்? புடவை கலர்தான் வேணும்."

அவர் வெகுநேரம் யோசித்து, பச்சையையும் நீலத்தையும் சரிபாதி கலந்தார். மூடியில் தடவிக் காட்டினார். அது புடவையில் எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியாத ஒரு நிறம். ஆனாலும் அத்தைக்குத் திருப்தி. திரும்பும்போது பஸ்ஸில் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

புதன் காலை டிரைவர் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட்டைத் தடவினார். கார் வெயிலுக்கு ஏற்ப நிறம் மாறிக்கொண்டே இருந்தது. ஒட்டு மாறவில்லை. காலையில் பச்சைக் காரில் நீலத் திட்டாகவும், சாயங்காலம் நீலக் காரில் பச்சைத் திட்டாகவும் தெரிந்தது. நடுப்பகலில் மட்டும் சற்று நேரம் இரண்டும் ஒத்துப்போயின. அந்த நேரமாகப் பார்த்துக் கார்க்காரரை வரச் சொல்ல முடியுமா என்று அப்பா டிரைவரைக் கேட்டார்.

அத்தை வேறு யோசனை சொன்னாள். புடவையின் நடுவில் ஒட்டுப் போட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள். முந்தானையே வேறு நிறத்தில் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே கதவு முழுவதற்கும் பூசிவிடவேண்டியது. பூசினோம். பூசி முடித்ததும் அவளே வந்து பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் கரை வைத்த புடவையை யார் கட்டுவார்கள் என்றாள். வியாழன் காலை வலது கதவுக்கும் பூசினோம்.

மச்சான் கொடுத்தது இயந்திரங்களுக்கு அடிக்கிற பெயிண்ட். காய மூன்று நாள் ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மத்தியானம் வரை ஆளுக்கொரு விசிறியோடு இரு பக்கமும் உட்கார்ந்து வீசினோம். தூசுதான் ஒட்டியது.

மாப்பிள்ளை ஏறிவிட்டால் இறக்கமாட்டேன் என்று கார்க்காரர் சொன்ன வார்த்தை அப்போதுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது. உடனே சம்பந்தியிடம் ஓடினார். நல்ல நேரம் மூன்றரைக்கே முடிந்துவிடுகிறதென்றும் அதற்குள் மாப்பிள்ளை காரில் அமர்ந்துவிட வேண்டுமென்றும் கைகூப்பிக்கொண்டு சொன்னார். ஆயுளில் அப்பா சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஊர்வலமோ ஆறு மணிக்கு.

கம்பளிக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக மாப்பிள்ளையைத் தூக்கி உள்ளே இறக்கியது அப்படித்தான். எங்கள் பக்கம் கதவைத் திறந்து ஏற்றுகிற வழக்கமில்லை என்று சொல்லிவைத்தோம். வைகாசி வெயிலில் தலைக்கு மேல் குடை பிடித்தோம், மோர் கொடுத்தோம். கையைக் கதவில் வைக்காமல் மடியில் கோத்துக்கொண்டு உட்காரும்படி டிரைவர் அவரிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் வழக்கம்தானா என்று மாப்பிள்ளை பரிதாபமாகக் கேட்டார். ஆமாம் என்றோம்.

ஐந்தரைக்குக் கார்க்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நாதஸ்வரக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரிடமும் பேசாமல் நேராகக் காரிடம் வந்து, டிரைவர் சொல்லியிருந்தது போலவே, இடது கதவின்மேல் வலது உள்ளங்கையைப் பதித்தார். எடுத்தபோது கை சற்றுச் சிரமப்பட்டுத்தான் வந்தது. கதவில் ஐந்து விரலும் அப்படியே விழுந்து, அடியிலிருந்த பழைய நிறம் தெரிந்தது. அவர் உள்ளங்கையில் மயில் கழுத்து.

அவர் கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார்.

சம்பந்திதான் முன்னால் வந்தார். அவர் மனிதர்களை மரியாதைக் குறைவாக நடத்தாதவர்.

"பேஷ். உங்க பக்கத்திலே இப்படிக் கை வச்சு ஆசீர்வாதம் பண்ற வழக்கமா? ஒரு பக்கம் மட்டும் வச்சா எப்படி? அந்தப் பக்கமும் வைக்கணும் நீங்க."

தெருவே காத்திருந்தது. கார்க்காரர் மெதுவாகக் காரைச் சுற்றிக்கொண்டு போனார். வலது கதவின் முன் நின்று இடது கையைப் பதித்தார். மேளம் கொட்டியது. ஊர்வலம் முழுக்க, இரண்டு கையையும் வேட்டியில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு காரின் பக்கத்திலேயே நடந்தார். பார்த்தவர்கள் அவருக்கும் கும்பிடு போட்டார்கள். டிரைவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாராம்: "மாப்பிள்ளை எறங்கட்டும், நைனா."

மாப்பிள்ளை இறங்கினார். ஆனால் அதற்குள் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் கார்க்காரரை நடுப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிய கையோடு அவர் சாப்பிட்டார். கோபித்துக்கொள்ள அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

அடுத்த தை மாதம் டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, அந்த டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். பொன்னேரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்காரர்கள், கை வைத்த கார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். கதவில் இருந்த கை அடையாளம் மழையில் மங்கிவிட்டது.

"அதே கலர் பூசினாத்தான் பெரியவரு மறுபடி கை வைப்பாரு, சாமி. வேற கலர்னா அவருக்குப் புடிக்கலை."

டப்பா என்றோ காய்ந்துபோயிருந்தது. அத்தை உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. புடவையோடு வெளியே வந்தவள், பஸ்ஸுக்கு நேரமாகிறது, செருப்பை மாட்டிக்கொள் என்றாள் என்னிடம்.