கோட்டு அக்காவின் இடது கை

விரல்கள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோட்டின் தோள் வளைவில் அதன் கையைப் பொருத்திக்கொண்டிருந்தன. கைத்துணி வளைவைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்குவதில்தான் கோட்டு தைப்பவரின் யோக்கியதை இருக்கிறது. பதினோராவது ஊசிக்காக வலது கை மேலே எழுந்தது, பாதியில் நின்றது. அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டேன் என்று கழுதைபோல் அடம்பிடித்தது.

"அம்மாடி!" என்று உட்கார்ந்துவிட்டார் கோட்டு அக்கா.

இருபத்தாறு வருடமாகக் கோட்டு மட்டுமே தைப்பதால் தெரு வைத்த பெயர் அது. வருகிற திங்கட்கிழமை ஒரு புது வக்கீல் பெண் முதல்முறையாக நீதிமன்றத்தில் எழுந்து பேசப்போகிறாள். அவளுடைய கோட்டுக்கு இன்னும் கை ஏறவில்லை. இன்று செவ்வாய்.

"தைலம் தேய்ச்சு தேய்ச்சு வீடே மணக்குது, தோள்தான் மசியல," என்றார் கணவர். "அக்குபங்சர் டாக்டர்கிட்ட ஒரு தடவை போய்ப் பாரேன்."

"நாள் முழுக்க நான் ஊசி குத்துறேன். போய்க் குத்து வாங்கிட்டு வேற வரணுமா?"

"முள்ளை முள்ளாலதான் எடுக்கணும். கிளம்பு."

டாக்டர் ஒல்லியான, சிரிக்காத மனிதர். தோளை நாலு பக்கமும் அசைத்துப் பார்த்தார். மேசை எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம் குனிகிறீர்கள் என்று விசாரித்தார். பிறகு முடிபோல் மெல்லிய ஒன்பது ஊசிகளை வலது தோளிலிருந்து புறங்கைவரை வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தினார்.

"இருபது நிமிஷம் அசையாம படுங்கம்மா."

எறும்பு கடித்த அளவுகூட வலியில்லை. அக்காவுக்குக் கண் சொக்கியது.

டாக்டர் திரும்பி வந்து ஊசிகளை உருவினார். ஆறு. மறுபடி எண்ணினார். ஆறேதான். கட்டிலுக்கு அடியில் குனிந்தார், காந்தத்தைத் தரையில் ஓட்டினார். முகம் வெளிறிவிட்டது.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க," என்றார் அக்கா. "நான் எண்ணித்தான் குத்துவேன், எண்ணித்தான் உருவுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் கோட்டு என் வாசலைத் தாண்டாது. தொழில்னா அந்தக் கவனம் வேணுமில்ல?"

டாக்டரின் பார்வை போர்வைத் துணியின் ஓரத்தில் குத்திட்டு நின்றது. அங்கே தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. பிரிந்த இடம் இப்போது ஒழுங்காக மடிக்கப்பட்டு, நூல் பிடித்தாற்போல் ஒரே இடைவெளியில் மூன்று ஊசிகள் குத்தப்பட்டிருந்தன.

அக்கா தன் இடது கையை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாது டாக்டர். அதுவா செஞ்சிருக்கு."

"ஊசிக்குப் பயந்து ஓடினவங்களைப் பாத்திருக்கேன். பிடுங்கித் தைச்சவங்களை இப்பதான் பாக்கறேன்." சிரிக்காத மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். "ஊசி வலியைக் கொஞ்சம் தணிக்கும்மா, அவ்வளவுதான். உங்க கைக்கு ஓயத் தெரியல. மேசையை உயர்த்துங்க. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தோளை அசைங்க."

வியாழனும் சனியும் மறுபடி போனார். இரண்டு முறையும் டாக்டர் முதலில் இடது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "இதை விட்டீங்க, அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவேன்," என்றார். வீட்டில் கணவர் மேசைக் கால்களுக்குச் செங்கல் வைத்தார், கோட்டு மாட்டும் பொம்மையைக் கொஞ்சம் கீழே இறக்கினார், அரை மணிக்கு ஒருமுறை சமையலறையிலிருந்து "தோள்!" என்று கத்தினார். முதல் நாள் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் கத்தலுக்கு முன்பே எழுந்துவிட்டார்.

தோள் முழுக்கக் குணமாகிவிடவில்லை. ஆனால் கை காதுவரை எழுந்தது. ஞாயிறு பகலில் கோட்டின் இரண்டு கைகளும் ஏறின.

திங்கள் காலை வக்கீல் பெண் கோட்டைப் போட்டு, எதிரே நீதிபதி இருப்பதுபோல் கையை நீட்டிப் பார்த்தாள். தோளில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"பயமா இருக்கு அக்கா."

"பேசறது உன் பாடு. கோட்டு உன்னைக் கைவிடாது. கழட்டு, ஒரு இஸ்திரி போட்டுத் தர்றேன்."

காலரில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, இஸ்திரி போட்டு, உறைக்குள் மாட்டி, அக்கா அதை இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.