ஓடை பிரியும் இடம்

ஜெகபர் அலி ஏழு வருஷமாகக் காடுகளை வரைந்துகொண்டிருந்தார். ஒரு காட்டையும் நேரில் பார்த்ததில்லை.

மலைக்கோட்டைக்குக் கீழே, துணிக்கடைகளுக்குப் பின்னால் போகிற சந்து ஒன்றில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு கவிழ்த்துவிட்டது. ஆனால் கை சுத்தம். வெறும் கையால் கோடு இழுத்தாலும் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் 1936-ல் திருச்சியில் காட்டிலாகா ஆபீஸ் ஒன்றில் டிரேசராக எடுத்துக்கொண்டார்கள். பழைய வரைபடத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளின் மேலேயே மை ஓட்டிப் புதுப்படம் எடுக்கவேண்டும். தற்காலிக வேலைதான். வருஷா வருஷம் "இந்தத் தடவை பர்மனென்ட் ஆயிடும்" என்பார்கள். 1943-ல் அவர் பெயர் உண்மையாகவே பட்டியலில் ஏறியிருந்தது. மூன்று பிள்ளைகள், மனைவி ஷரபுன்னிசா, இரண்டு அறை வீடு. அந்தப் பட்டியலைத்தான் வீடு முழுக்க நம்பியிருந்தது.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸெல்லாம் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடிக்கொண்டிருந்தன. கரி வேண்டும், விறகு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் மேல் தாள் வந்தது. பச்சைமலையில் எங்கெங்கே வெட்டலாம் என்று புதிதாக ஒரு படம் கேட்டார்கள். அந்தப் படத்தை ஐப்பசி மழையில் எடுத்தவர் ஜெகபர் அலி.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. ஹெட் டிராப்ட்ஸ்மேன் பாக்கியநாதன் ஒரு கடிதத்தை அவர் மேஜையில் வைத்தார். மலையில் காவல் பார்க்கும் கார்டு வீரமலை எழுதியது. கோணல் எழுத்து. 'ஓடைக்கு மேல் உள்ள மரங்களுக்கு வெட்டு முத்திரை அடிக்கச் சொல்கிறார்கள். என் அப்பன் காலத்திலிருந்து அது வெட்டக் கூடாத காடு. திங்கட்கிழமை கோடாலி இறங்குகிறது. தயவு செய்து பார்த்துச் சொல்லவும்.'

"படத்துல எப்படி இருக்குன்னு பார்த்து ஒரு வரி எழுதிடு" என்றார் பாக்கியநாதன்.

ஜெகபர் அலி தன் படத்தை எடுத்துப் பார்த்தார். அந்த இடம் வெட்டும் பகுதிக்குள்தான் இருந்தது. பேனாவை மையில் தொட்டவர் என்னவோ நினைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து பழைய படத்தையும் எடுத்து விரித்தார். ஐம்பது வருஷத்துத் தாள். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் நார் நாராகப் பிரிந்திருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மடிப்புக்குக் கீழே வரும்போது ஓடை ஒன்றுதான். மடிப்பைத் தாண்டினால் இரண்டு. வெட்டக் கூடாத காட்டின் எல்லை தெற்கு ஓடையோடு போகவேண்டும். மழை இருட்டில் அவர் அதை வடக்கு ஓடையோடு கொண்டுபோயிருந்தார். இரண்டு ஓடைக்கும் நடுவில் அறுபது ஏக்கர். அந்தக் காட்டை விடாமல் காத்து வந்ததற்கான காரணமும் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: கீழே உள்ள மூன்று ஏரிகளுக்கும் கோடையில் தண்ணீர் தருவது இந்த ஓடைகளே.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் அதேதான்.

பாக்கியநாதனிடம் போய் மெதுவாகச் சொன்னார். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். படத்தின் மூலையில் 'சரிபார்த்தேன்' என்று போட்டிருந்த கையெழுத்து அவருடையது. ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தது.

"ஆபீசர் மெட்ராஸ்ல. புதன்கிழமைதான் வருவார்" என்றார் கடைசியில்.

"தந்தி கொடுத்தா?"

"எந்த விலாசத்துக்கு? மலைக்கு அடிச்சாலும் ஆபீசர் உத்தரவு இல்லாம யார் கேப்பாங்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "படத்தின்படி வெட்டும் பகுதியில் உள்ளது, அப்படின்னு எழுது. பொய் ஒண்ணும் இல்லையே. படத்துல அப்படித்தானே இருக்கு."

ஜெகபர் அலி அதை எழுதினார். கையெழுத்தும் போட்டார். நாலு மணித் தபாலில் அது போனது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவில் வரிசையில் நின்றபோது இமாம் ஓதியது எதுவும் அவர் மனசில் பதியவில்லை. சாயங்காலம் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஷரபுன்னிசா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். வாங்கியதைப் பார்க்காமலே கீழே வைத்தார்; செம்பு சாய்ந்து தண்ணீர் பாயில் சிந்தியது.

"என்னங்க, காய்ச்சலா?"

இல்லை என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"அறுபது ஏக்கர்னா எவ்வளவு?"

"இந்த மலைக்கோட்டைப் பாறை, அதைச் சுத்தி இருக்கிற வீதி எல்லாம் சேர்த்தாலும் அதுக்குள்ள அடங்கிடும்."

"வெட்டினா திரும்ப வராதா?"

"வரும். நம்ம பேரன், அவன் பேரன் காலத்துல வரும்."

அவள் பாயில் சிந்திய தண்ணீரை முந்தானையால் ஒற்றினாள். "ஒத்துக்கிட்டா வேலை போயிடுமா?"

"பட்டியல்ல பேர் அடிச்சிடுவாங்க. நேத்து எழுதின வரியைப் பார்த்தா மொத்தமாவே அனுப்பிடலாம்."

"போங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன். எனக்கும் பயமா இருக்கு. போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க இப்படி சாப்பிடாம உட்கார்ந்திருந்தா நாங்க எல்லாரும் எப்படி இருக்கிறது?"

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். பழைய படத்தை வெளியே எடுத்துப் போனால் அது தனிக் குற்றம். அதனால் ஓடை பிரியும் இடத்தை மட்டும் ஒரு தாளில் பெரிதாக்கி வரைந்துகொண்டார். பிறகு ஆபீசருக்கு ஒரு கடிதம் எழுதி பாக்கியநாதன் மேஜையில் வைத்தார்.

"புதன்கிழமை வந்ததும் கொடுத்துடுங்க சார். தப்பு என்னுதுன்னுதான் எழுதியிருக்கேன். உங்க பேர் அதுல இல்லை."

பாக்கியநாதன் உறையைத் தொடவில்லை. "படத்துல என் கையெழுத்து இருக்கே" என்றார். ஜெகபர் அலி வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். புதன்கிழமை வரைக்கும் அந்த உறை மேஜையில் இருக்குமா, கிழிபடுமா என்பது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துறையூர் பஸ்ஸில் ஏறினார். பின்புறத்தில் கரி உலை கட்டிய பஸ். காவேரிப் பாலத்தில் ஏறும்போதே மூச்சு வாங்கியது. ஸ்ரீரங்கத்தில் கோயில் கூட்டம் ஏறி இறங்க அரை மணி. கொள்ளிடத்தைத் தாண்டியதும் நின்றேவிட்டது. கண்டக்டர் இறங்கி, உலைக் கதவைத் திறந்து ஒரு கூடைக் கரியைக் கொட்டிக் கிளறினார். மற்றவர்கள் நிழல் பார்த்து ஒதுங்கினார்கள். ஜெகபர் அலி மட்டும் பக்கத்திலேயே நின்று, கரித் துண்டுகள் சிவந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் இருந்த தாளை எத்தனை தடவை தொட்டுப் பார்த்தாரோ. மண்ணச்சநல்லூர் தாண்டி இன்னொரு தடவை நின்றது. துறையூர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளிவாசலில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் நடக்க ஆரம்பித்தார். சாமை விற்க இறங்கி வந்த மலைக்காரர்கள் பாதை காட்டினார்கள். தோல்செருப்பு முதல் ஏற்றத்திலேயே வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். பாதி மலையில் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக் என்று நின்று நின்று வந்தது. முதலில் மரங்கொத்தி என்று நினைத்தார். பிறகு வானம் முறிந்து விழுகிற மாதிரி ஒரு ஓசை. செருப்பை இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஏறினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது உச்சி தாண்டிவிட்டது. நாற்பது ஐம்பது கோடாலிக்காரர்கள் வேலையில் இருந்தார்கள்; பதினேழு மரங்கள் கீழே கிடந்தன. காட்டு மா, நாவல், தான்றி. இரண்டு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத அடிமரங்கள். வெட்டு வாயில் ஈரம் பளபளத்தது. அந்த இடத்தில் மட்டும் திடீரென்று வெயில் கொட்டியது. மற்ற இடமெல்லாம் பகலிலேயே இருட்டு. தண்ணீர் ஓடுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தார். யானை படுத்தாற்போல ஒரு பாறை. அதன் இரு பக்கமும் இரண்டு ஓடை. எந்தக் குழப்பத்துக்கும் இடமில்லை. ஒரு தடவை இங்கே வந்து நின்றிருந்தால் அந்தக் கோடு தவறியிருக்காது.

காக்கிச் சட்டையோடு ஓரமாக உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர் எழுந்து வந்தார். அவர்தான் வீரமலை.

"நீங்க யாருங்க?"

"படம் வரைஞ்சவன். உங்க கடிதத்துக்குப் பதில் எழுதினதும் நான்தான். கோடு தப்பு." தாளை நீட்டினார். "இந்தப் பாறைக்குத் தெற்கே போகணும். நான் வடக்கே கொண்டுபோயிட்டேன்."

வீரமலை தாளைப் பார்க்கவில்லை. ஜெகபர் அலியின் முகத்தையே பார்த்தார். "சனிக்கிழமை சாயங்காலம் உங்க காகிதம் வந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் நேத்து நாற்பது மரத்துக்கு முத்திரை அடிச்சேன். இந்தக் கையாலதான்."

கங்காணி பிச்சை வந்தார். ஒப்பந்தக்காரரின் ஆள். என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் முகம் சுருங்கியது. "நிறுத்தச் சொல்லி உத்தரவு இருக்கா?"

"ஆபீசர் புதன்கிழமை வருவார்."

"புதன்கிழமை எனக்கு வண்டி வருது. வெறும் வண்டியா அனுப்பினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்களுக்கு மட்டும்தான் வேலையா?"

அதற்குள் இன்னொரு நாவலில் கோடாலி விழ ஆரம்பித்தது.

வீரமலை ஜெகபர் அலி பக்கம் திரும்பினார். "எழுதிக் கொடுங்க. இந்த இடம் வெட்டக் கூடாதது, முத்திரை தப்பா விழுந்ததுன்னு, பேர் போட்டு, உத்தியோகம் போட்டு, தேதி போட்டு. காகிதம் இருந்தா நான் நிறுத்துவேன். நாளைக்கு என்னைக் கேட்டா அதைக் காட்டுவேன். காகிதம் இல்லாம நிறுத்தினா நான் வெறும் மலைக்காரன்தான்."

வெட்டிப்போட்ட அடிமரத்தின் மேல் தாளை வைத்து எழுதினார். மர ஈரம் தாளில் ஊறியது. 'என் வரைபடத்தில் உள்ள கோடு தவறு. தவறு என்று தெரிந்த பிறகும் வியாழக்கிழமை சரி என்று எழுதிவிட்டேன்.' இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அதை எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

வீரமலை காகிதத்தை மடித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு கோடாலிக்காரர்களிடம் போனார். பிச்சை குறுக்கே வந்து நின்றார். தெற்குச் சரிவில் ஆட்சேபம் இல்லாத முள்ளும் புதரும் நிறைய இருக்கிறது, புதன்கிழமை வரை அதை வெட்டிக் கரி மூட்டம் போடலாம் என்று வீரமலை சொன்னதும், முணுமுணுத்துக்கொண்டே ஆட்களை அழைத்துக்கொண்டு இறங்கினார். சத்தம் நின்றது. ஆனாலும் ஜெகபர் அலிக்கு நிம்மதி வரவில்லை. இனி ஆபீசில் நடக்கப்போவதை நினைத்தபடி அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தார். வீரமலை கொண்டுவந்து கொடுத்த சாமைக் கூழை இரண்டு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை விசாரணை. பாக்கியநாதன் உறையைக் கிழித்துப் போடவில்லை; அந்தக் கடிதம் ஆபீசர் மேஜையில் பிரித்துக் கிடந்தது, மலையில் எழுதிக் கொடுத்த காகிதமும் பக்கத்தில் இருந்தது. தவறு என்று தெரிந்தும் சரி என்று ஏன் எழுதினாய் என்று ஆபீசர் திரும்பத் திரும்பக் கேட்டார். எழுதியது நான்தான் என்று மட்டும் ஜெகபர் அலி சொன்னார். கதவருகே நின்ற பாக்கியநாதன் இரண்டடி முன்னால் வந்தார்.

"அப்படி எழுதச் சொன்னது நான் சார்" என்றார். "படத்தைச் சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

பாக்கியநாதனுக்கு எழுத்து மூலம் கண்டனம். மிச்சமிருந்த ஒன்பது மாதத்தையும் வேறு ஊரில் கழிக்க மாற்றல். தற்காலிக ஆளுக்குக் கண்டனம் தேவையில்லை. மாதக் கடைசியோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படத்தில் கோட்டைச் சிவப்பு மையால் திருத்தியது வேறு யாரோ. அறுபது ஏக்கரும் மறுபடி வெட்டக் கூடாத காடாயிற்று, பதினேழு மரம் குறைவாக.

நான்கு மாதம் அந்த வீடு பட்ட பாட்டை ஷரபுன்னிசா பிற்காலத்தில் யாரிடமும் விவரித்ததில்லை. காதிலிருந்தது போயிற்று என்று மட்டும் சொல்வாள். 'ஏன் போனீங்க' என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. சில நாள் கேட்டுவிடுவாளோ என்று அவர் பயந்ததுண்டு.

பிறகு பொன்மலை ரயில்வே பட்டறையில் படம் வரையும் பகுதியில் இடம் கிடைத்தது. யுத்தத்தால் அங்கே ஆள் தேவையாயிருந்தது. சைக்கிளில் போய் வந்தார். ஒரு பாகத்தை வரையச் சொன்னால் முதலில் ஷெட்டுக்குள் போய், அந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்துதான் மையைத் தொடுவார். வேலையில் வேகம் போதாது என்று அவர் பைலில் இரண்டு தடவை எழுதினார்கள். மேலதிகாரி கூப்பிட்டுச் சொல்லியும் பார்த்தார். சரிங்க என்று தலையாட்டிவிட்டு, மறுநாளும் ஷெட்டுக்குத்தான் போனார்.